சக்கரம் சுத்துது... பணம் போச்சா, போகலையா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டு பால்கோவா இல்லாமல் வீடு திரும்ப முடியுமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. ஆண்டாள் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் கடைகளில், கூட்டமான ஒரு சாயங்காலம் பத்து நிமிடம் நின்றால் இப்படி ஓர் உரையாடல் காதில் விழும்.

"அரைக் கிலோ குடுங்க அண்ணாச்சி. ஸ்கேன் பண்ணிட்டேன்."

"சத்தம் வரலையே தம்பி."

"எனக்கு சுத்திக்கிட்டே இருக்கு... இந்தா பாருங்க, பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துருச்சு. பணம் போயிருச்சு."

"அங்க போயிருச்சு சரி, இங்க வரலையே!"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வாங்கியவர் கணக்கிலிருந்து பணம் நிஜமாகவே போய்விட்டது. விற்றவர் கணக்குக்கு நிஜமாகவே வரவில்லை. நடுவில் எங்கோ ஒரு கம்ப்யூட்டர், இன்னொரு கம்ப்யூட்டரின் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறது.

செல்போனில் சக்கரம் சுற்றும்போது உள்ளே ஏதோ மும்முரமாக வேலை நடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அந்த நேரத்தின் பெரும்பகுதியில் மென்பொருள் சும்மா நிற்கிறது. கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அடுத்த அடி எடுத்து வைக்காமல் நிற்பதை மென்பொருள்காரர்கள் 'பிளாக்கிங்' என்கிறார்கள். இந்தக் காத்திருப்பு சரியாக நடக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? கம்ப்யூட்டர் துறையின் பழைய தலைவலிகளில் இதுவும் ஒன்று. கடைக்காரரின் அரைக் கிலோ பால்கோவாவும் வாங்கியவரின் பணமும் இந்தச் சோதனையை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரு ஸ்கேன், வரிசையாகக் காத்திருப்பு

யு.பி.ஐ-யில் பணம் அனுப்பும்போது நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். உங்கள் செயலி, தேசிய கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ-யிடம் கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. என்.பி.சி.ஐ உங்கள் வங்கியிடம் 'பணத்தை எடு' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. வங்கி எடுத்துவிட்டுப் பதில் சொன்னதும், கடைக்காரரின் வங்கியிடம் 'பணத்தைப் போடு' என்று சொல்லிவிட்டு மறுபடி காத்திருக்கிறது. அங்கிருந்து பதில் வந்தால்தான் உங்கள் போனில் பச்சை டிக். கடையில் சவுண்ட் பாக்ஸ் பேசும்.

இது ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் யு.பி.ஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. கணக்குப் போட்டால் சராசரியாக வினாடிக்கு 7,400-க்கும் மேல். அத்தனையும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல் ஓட வேண்டும்.

கடையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கடையில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். நால்வருமே "குடோன்ல சரக்கு இருக்கா?" என்று போனில் கேட்டுவிட்டு, பதிலுக்காக ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்கிறார்கள். ஐந்தாவதாக வருபவருக்கு வேண்டியது மேஜையிலேயே இருக்கிறது. ஆனாலும் எடுத்துத் தர ஆள் இல்லை. கடை திறந்திருந்தும் மூடியதற்குச் சமம்.

வங்கியின் கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். ஒரே ஒரு வங்கி பதில் சொல்லத் தாமதித்தால் போதும். அதற்காகக் காத்திருக்கும் வேலைகள் சேர்ந்துகொண்டே போய், அந்த வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத வாடிக்கையாளரின் சக்கரமும் சுற்ற ஆரம்பித்துவிடும்.

'கிராஸிங்குக்கு நிக்குது'

காத்திருப்பதே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் காத்திருந்தே ஆக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ரயிலில் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். விருதுநகர் - தென்காசி தடம் ஒற்றைப் பாதை. எதிரே ரயில் வந்தால் ஒன்று ஸ்டேஷனில் நிற்க வேண்டும். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "கிராஸிங்குக்கு நிக்குது" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள அந்தப் பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். லைன் கிளியர் கிடைக்காமல் அடுத்தது புறப்பட முடியாது. இப்படிப் பிரித்த பகுதிக்கு ரயில்வேயில் 'பிளாக் செக்‌ஷன்' என்றே பெயர்.

மென்பொருளிலும் இதே ஏற்பாடு உண்டு. உங்கள் கணக்கில் ஒரு நிரல் கை வைத்திருக்கும்போது வேறொன்று நுழையக் கூடாது. நுழைந்தால் 500 ரூபாய் இருக்கும் கணக்கிலிருந்து இரண்டு முறை 500 எடுபட்டுவிடும். அதனால் முதலில் வருவது கணக்கைப் பூட்டும். அடுத்தது வெளியே நிற்கும்.

சிக்கல் இரண்டு பூட்டுகள் வரும்போது. ராஜபாளையத்தில் அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை. சரியாக ஒரே கணத்தில் அண்ணன் தங்கைக்கும் தங்கை அண்ணனுக்கும் பணம் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை அண்ணன் கணக்கைப் பூட்டிவிட்டுத் தங்கை கணக்குக்காக நிற்கிறது. இரண்டாவது வேலை தங்கை கணக்கைப் பூட்டிவிட்டு அண்ணன் கணக்குக்காக நிற்கிறது. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று நிற்கின்றன, இரண்டும் நகராது. இதுதான் 'டெட்லாக்'.

இதற்கு மருந்தும் இருக்கிறது. யார் அனுப்பினாலும் சிறிய கணக்கு எண்ணைத்தான் முதலில் பூட்ட வேண்டும் என்று விதி வைத்தால் இந்த முட்டல் வராது. இன்றைய டேட்டாபேஸ்கள், இப்படிச் சிக்கிக்கொண்டதைத் தாமே கண்டுபிடித்து ஒன்றை ரத்து செய்யவும் செய்கின்றன. ஆனால் அந்த விதியை ஒரு புரோகிராமர் ஓரிடத்தில் மறந்துவிட்டால்? அதைச் சோதனையில் பிடிக்க வேண்டுமே!

பரீட்சை வைப்பது ஏன் கஷ்டம்?

சாதாரண மென்பொருளைச் சோதிப்பது சுலபம். இரண்டையும் இரண்டையும் கொடுத்தால் நான்கு வர வேண்டும், வந்தால் பாஸ். காத்திருக்கும் மென்பொருளில் எதிர்பார்க்கும் விடையே 'இன்னும் பதில் வரவில்லை' என்பதுதான். எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு 'ஆமாம், இது சரியாகக் காத்திருக்கிறது' என்று மார்க் போடுவது?

ஒரு வினாடி பார்த்துவிட்டு பாஸ் போடலாம். இரண்டாவது வினாடியில் அது காத்திருப்பதை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். சரி, 30 வினாடி பார்ப்போம் என்றால், 500 சோதனைகளுக்கு 15,000 வினாடி, அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு முறை ஒரு வரியைத் திருத்தும்போதும் நான்கு மணி நேரம் காத்திருக்க எந்த நிறுவனமும் தயாராக இருக்காது.

இன்னொரு தொல்லை, இந்தக் கோளாறுகள் கூப்பிட்டால் வராது. அண்ணன் தங்கை உதாரணத்தில் இரண்டு பேரும் ஒரே மில்லி வினாடியில் அழுத்தினால்தான் சிக்கல். ஆயிரம் முறை ஓட்டினாலும் சோதனை பாஸ் ஆகும். ஆயிரத்து ஒன்றாவது முறை, கூட்டம் நெரியும் ஆடிப்பூரத் தேரோட்ட நாளில், அது நடக்கும். ஒரு நாள் ஃபெயில், மறுநாள் பாஸ் என்று சோதனை மாறி மாறி வந்தால், "அது சும்மா, இன்னொரு தடவை ஓட்டிப் பார்" என்று விட்டுவிடும் பழக்கமும் வந்துவிடுகிறது.

செவ்வாயிலும் அமெரிக்காவிலும்

அப்படி விட்டதன் விலை என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உலகப் பிரசித்தம்.

1997 ஜூலை 4-ல் நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களிலேயே அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. காரணம் ஒரு பூட்டு. முக்கியத்துவம் குறைந்த ஒரு வேலை பூட்டை வைத்திருந்தது. மிக அவசரமான வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டுக்கும் நடுத்தரமான வேலைகள் குறுக்கே புகுந்து, பூட்டை வைத்திருந்ததை நகர விடவில்லை. அவசர வேலை நேரத்துக்கு முடியாததால், 'ஏதோ கோளாறு' என்று கம்ப்யூட்டர் தன்னையே ரீசெட் செய்துகொண்டது. பூமியில் வைத்திருந்த நகல் கருவியில் அதே நிலைமையை மறுபடி உண்டாக்கிக் கண்டுபிடித்த பொறியாளர்கள், ஒரு சின்ன அமைப்பு மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிச் சரி செய்தார்கள். இந்த ரீசெட், விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய சோதனைகளிலேயே எப்போதாவது தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் அப்போது அதன் காரணம் பிடிபடவில்லை.

இரண்டாவது, 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அதற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, ஓஹியோ மாகாண மின் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்கும் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, மணி நின்றுவிட்டதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. திரையில் எச்சரிக்கை வராததால் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே தகவலில் கை வைத்ததில் வந்த கோளாறு அது. அதற்கு முன் அந்த மென்பொருள் மொத்தமாக 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அது ஒருமுறைகூட வெளியே வந்ததில்லை என்றது அதைத் தயாரித்த ஜெனரல் எலெக்ட்ரிக் தரப்பு.

அதைக் கண்டுபிடித்த விதம்தான் முக்கியம். வாரக் கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் நிரலுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைப் புகுத்தி, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். மில்லி வினாடியாக இருந்த இடைவெளி அகலமானது, கோளாறு மாட்டிக்கொண்டது.

கெட்ட வங்கியும் பொய்க் கடிகாரமும்

இன்றைக்கும் அடிப்படை உத்தி அதுதான். கோளாறு தானாக வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், அதை வேண்டுமென்றே வரவழைப்பது.

முதலில், ஒரு பொய்யான வங்கியை உருவாக்குகிறார்கள். அது இணைப்பை ஏற்கும். ஆனால் பதிலே சொல்லாது. இன்னொரு பொய் வங்கி பணத்தை எடுத்துவிட்டு, பதில் சொல்லும் முன் லைனைத் துண்டிக்கும். மூன்றாவது, எல்லோரும் கைவிட்ட பிறகு சாவகாசமாக 'சரி, முடித்துவிட்டேன்' என்று பதில் அனுப்பும். காத்திருக்கும் மென்பொருளுக்கு மூன்றுமே ஒரே மௌனமாகத்தான் தெரியும். மூன்றிலும் பணம் காணாமலும் போகக் கூடாது, இரண்டு முறையும் போகக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண். அதே எண்ணுடன் கோரிக்கை மறுபடி வந்தால், வங்கி மறுபடி பணம் எடுக்காமல் பழைய விடையையே சொல்ல வேண்டும்.

அடுத்தது கடிகாரம். 30 வினாடி காத்திருப்பைச் சோதிக்க 30 வினாடி செலவழிக்காமல் இருக்க, மென்பொருளிடம் பொய்க் கடிகாரம் ஒன்றைக் கொடுக்கிறார்கள். கூகுள் உருவாக்கிய 'கோ' நிரல்மொழியில் 2025 ஆகஸ்ட்டில் வந்த 1.25 பதிப்பு, 'சின்க்டெஸ்ட்' என்ற வசதியை முறைப்படி சேர்த்தது. சோதனையை ஒரு குமிழிக்குள் வைத்து ஓட்டுகிறது அது. குமிழிக்குள் இருக்கும் எல்லா வேலைகளும் குமிழிக்குள் இருக்கும் இன்னொன்று எழுப்பினால்தான் நகர முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டால், அதை அந்த வசதியே உணர்ந்துகொள்ளும். உடனே பொய்க் கடிகாரத்தை, அடுத்து ஏதாவது நடக்க வேண்டிய நேரத்துக்குத் தள்ளி வைக்கும். 30 வினாடி கண் இமைப்பதற்குள் முடியும்.

'எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு மார்க் போடுவது?' என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. நேரத்தை அளந்து ஊகிக்க வேண்டாம். எல்லோரும் நின்றுவிட்டார்களா என்று நேரடியாகவே பார்க்கலாம். இதற்கு வரம்புகளும் உண்டு. நிஜமான நெட்வொர்க் பதிலுக்காக நிற்பதை அது இப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பதில் வெளியிலிருந்து எந்த நேரமும் வரலாம் அல்லவா? அதனால் குமிழிக்குள் நெட்வொர்க்கையும் பொய்யாகவே செய்து வைக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 12 சொன்ன பாடம்

தனித்தனியாகச் சோதித்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யு.பி.ஐ பல மணி நேரம் தடுமாறியது. என்.பி.சி.ஐ ஆராய்ந்தபோது தெரிந்தது இது: 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?' என்று நிலவரம் கேட்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகள் மறுபடி மறுபடி, பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, வெள்ளமாக அனுப்பியிருந்தன. பதில் தாமதமானால் மறுபடி கேட்பது இயல்பு. எல்லோரும் கேட்டால் பதில் சொல்பவர் இன்னும் தாமதிப்பார். அதனால் இன்னும் கேட்பார்கள்.

அதன்பின் விதிகள் இறுகின. நிலவரம் கேட்பதானால் பணம் அனுப்பிய உடனே கேட்கக் கூடாது, இடைவெளி விட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் மூன்று முறைதான் என்றது என்.பி.சி.ஐ. காத்திருப்புக்கான வரம்பும் குறைந்தது. பணம் அனுப்பும் கோரிக்கைக்கு 30 வினாடியாக இருந்தது, 2025 ஜூன் 16 முதல் 15 வினாடி. நிலவரம் கேட்பதற்கும் பணத்தைத் திருப்புவதற்கும் 30-லிருந்து 10 வினாடி.

இந்த எண்கள் மாறும்போது, ஒவ்வொரு வங்கியின் மென்பொருளிலும் அத்தனை காத்திருப்புகளையும் புது வரம்புக்கு ஏற்ப மறுபடி சோதிக்க வேண்டும். முன்பு 20-வது வினாடியில் வந்த பதில் சரியான பதில். இப்போது அது தாமதமாக வந்த பதில்.

இந்த வேலைக்குப் போகப்போகிறவர்கள் இந்த வட்டாரத்திலும் இருக்கிறார்கள். கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரி, கொஞ்சம் தள்ளித் தென்காசி மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம். இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் டெமோவுக்கு முன் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வர் பக்கத்து நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, திரையைக் கவனிக்க வேண்டும். தெளிவான தகவலோடு நின்றால் நல்ல புராஜெக்ட். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

சக்கரம் சுற்றினால் நீங்கள் செய்ய வேண்டியவை

* பணம் போன மெசேஜ் வந்து, கடைக்கு வரவில்லை என்றால் உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள்.

* 'ஃபெயில்டு' என்றால் முடிந்த கதை. 'பெண்டிங்' என்றால் முடியாத கதை. பெண்டிங் இருக்கும்போது மறுபடி அனுப்பினால் இரண்டுமே போய்ச் சேரலாம்.

* அவசரமாகக் கிளம்ப வேண்டுமானால் ரொக்கம் கொடுத்துவிட்டு, 12 இலக்க யு.பி.ஐ பரிவர்த்தனை எண்ணைக் கடைக்காரரிடம் குறித்துக் கொடுங்கள். பின்னால் பணம் வந்து சேர்ந்தால் திருப்பித் தர அவருக்கும் ஆதாரம் வேண்டும்.

* கடைக்காரர்களுக்கு: வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்ப வேண்டாம். சவுண்ட் பாக்ஸ் பேசாவிட்டால் உங்கள் செயலியையும் பாருங்கள். சவுண்ட் பாக்ஸும் நெட்வொர்க்கை நம்பிக் காத்திருக்கும் கருவிதான்.

* ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பிய யு.பி.ஐ பணம் போய்ச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதில் உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாள்களுக்குள். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

* முதலில் செயலியிலேயே புகார் செய்யுங்கள், அடுத்து வங்கியில். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம். புகார் எண்ணைக் கையில் வைத்திருங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.